உடம்புக்குள் ஓடும் கடிகாரம்: வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன், அறிவியல் பாடம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோரில் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், மணலி, எண்ணூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்கள், ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கும் நர்ஸுகள் என்று எல்லோரும் உண்டு. தூக்கம் பற்றியும் மறதி பற்றியும், "மூளையே வேலை செய்ய மாட்டேங்குது சார்" என்றும் அவர்கள் கேட்கிறதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து சம்பந்தப்பட்ட எதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உடம்புக்குள் கடிகாரம் இருக்கிறது என்கிறார்களே, அது பேச்சுக்குச் சொல்வதா, நிஜமா?

நிஜம்தான், இருக்கிற இடத்தைக்கூடச் சொல்லலாம். இரண்டு கண்களிலிருந்தும் மூளைக்குப் போகிற நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஹைபோதாலமஸ் என்ற பகுதியில், இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. சூப்ராகயாஸ்மாடிக் நியூக்ளியஸ் என்று பெயர். வாயில் நுழையாது, அதனால் இனி முதன்மைக் கடிகாரம் என்றே சொல்கிறேன். எலிக்கு அதை மட்டும் அழித்துவிட்டால் எலி சாகாது, தூங்கும், சாப்பிடும், ஓடும், ஆனால் எல்லாவற்றையும் கண்ட கண்ட நேரத்தில் செய்யும். இரவு பகல் என்ற ஒழுங்கே போய்விடும்.

செடிக்கும் இது உண்டு. தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள், பொழுது சாயும்போது இலையை மடக்கிக்கொள்ளும். வெளிச்சம் போனதால்தான் மடங்குகிறது என்று நினைப்போம். 1729இல் டி மைரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டிலேயே வைத்துப் பார்த்தார். பொழுது விடிந்ததும் அது இருட்டுக்குள்ளேயே இலையை விரித்தது, சாயங்காலம் மடக்கியது. வெளியே என்ன நேரம் என்று பார்க்காமலே உள்ளே ஏதோ ஒன்று கணக்கு வைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் தடயம்.

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பது தெரிய ரொம்ப காலம் ஆனது. 1971இல் பழ ஈயில் ஒரு ஜீன் பிடிபட்டது, அது கெட்டுப்போன ஈக்களுக்கு நேரமே குழம்பியது. 1984இல் அந்த ஜீனைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அந்த ஜீன் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது, புரதம் சேர்ந்து சேர்ந்து ஒரு அளவுக்கு வந்ததும் திரும்பிப் போய் அதே ஜீனை நிறுத்துகிறது, பிறகு புரதம் சிதைந்து குறைய, ஜீன் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. இந்தச் சுற்று ஒன்று முடியச் சுமார் 24 மணி நேரம். இதைக் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. நம் ஈரலிலும் இதயத்திலும் தோலிலும்கூட இதே மாதிரி சுற்று ஓடுகிறது. மூளையில் இருப்பது அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து வைக்கிறது.

அது சரியாக 24 மணி நேரமா?

இல்லை, கொஞ்சம் கூட. வெளி நேரத்தின் சாயல் எதுவும் தெரியாமல் ஆட்களை வைத்து அளந்ததில் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் வந்தது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அந்தச் சில நிமிடத்தைத் தினமும் சரிக்கட்டுவது காலை வெளிச்சம். அது கிடைக்காவிட்டால் கடிகாரம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிக்கொண்டே போகும்.

நம் தமிழ்நாட்டிலேயே இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குகைகளில் வாழும் வௌவால்களை வைத்து வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். மனிதர்களை வெளியுலகத் தொடர்பு இல்லாமல் தங்கவைத்து அவர்களுடைய உள்நேரத்தை அளக்க ஒரு தனி அறையும் அங்கே இருந்தது. இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர், பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் வரவேண்டும் என்பது என் ஆசை.

கண் தெரியாதவர்களுக்கு இந்தக் கடிகாரம் எப்படிச் சரியாகும்?

நல்ல கேள்வி, கேட்டது ஏழாவது படிக்கிற ஒரு பெண். பார்ப்பதற்கு என்று விழித்திரையில் இரண்டு வகை செல்கள் இருப்பதைப் புத்தகத்தில் படிக்கிறோம். 2002 வாக்கில் மூன்றாவது ஒரு வகை உறுதியானது. மெலனாப்சின் என்ற நிறமி உள்ள இந்தச் செல்களின் முக்கிய வேலை உருவம் காட்டுவது அல்ல, வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று முதன்மைக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவது. நீல நிறத்துக்கு அது அதிகம் அசையும். அதனால் பார்வை போயிருந்தும் இந்தச் செல்கள் பிழைத்திருக்கிறவர்களுக்குக் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போகும். வெளிச்சமே உள்ளே போகாதவர்களில் பலருக்கு அது தன்பாட்டுக்கு ஓடும், சில வாரம் இரவில் நன்றாகத் தூங்குவார்கள், அடுத்த சில வாரம் பகலெல்லாம் தூக்கம் சொக்கும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் வீம்பு பண்ணுகிறார் என்று நினைக்க வேண்டாம். அதற்கு வைத்தியம் உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரே நாளில் மூளை ஒரு நேரம் கூர்மையாகவும் ஒரு நேரம் மந்தமாகவும் இருக்கிறதே, ஏன்?

இரண்டு விஷயம் ஒன்றோடொன்று இழுபறி போடுகிறது. விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்னொரு பக்கம் முதன்மைக் கடிகாரம் பகலில் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கிறது, இரவில் கையை விட்டுவிடுகிறது. அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆராய்ச்சியாளர் 1982இல் இப்படி விளக்கியது இன்றுவரை நிற்கிறது.

பகலில் வேலை பார்த்து இரவில் தூங்குகிறவருக்கு ஒரு நாள் ஏறத்தாழ இப்படிப் போகும். எழுந்த உடனே அரை மணி நேரம் மூளை முழுசாகத் திறக்காது, அந்த நேரத்தில் பணக் கணக்கு பார்க்காதீர்கள், முக்கியமான போனில் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். முற்பகலில் நல்ல தெளிவு. மத்தியானம் ஒரு தொய்வு. பிறகு சாயங்காலம் 5 முதல் 7 வரை உடம்பின் உட்சூடு நாளிலேயே உச்சத்துக்குப் போகிறது, கை கால் வேகமும் எதிர்வினை வேகமும் பெரும்பாலும் அப்போதுதான் நன்றாக இருக்கும். வியாசர்பாடியில் பந்து ஆடுகிற பையன்களும் ராயபுரத்தில் பாக்சிங் பழகுகிறவர்களும் சாயங்காலம் தான் நன்றாக வருகிறது என்று சொல்வதில் விஷயம் இருக்கிறது. (போட்டி காலையில் என்றால் சில வாரம் காலையிலேயே பழகுங்கள், உடம்பு ஓரளவு அந்த நேரத்துக்கு வந்துவிடும்.) வழக்கமாகப் படுக்கிற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மெலடோனின் சுரக்க ஆரம்பிக்கும், "இருட்டிவிட்டது" என்று உடம்பு முழுக்கச் சொல்கிற ஹார்மோன் அது. விடியற்காலை 4, 5 மணி வாக்கில் உட்சூடு அடிமட்டத்துக்கு வரும். மூளையும் அப்போதுதான் அடிமட்டம்.

மத்தியானத் தூக்கம் சோறு சாப்பிடுவதால்தானே?

சோறு கூட்டுகிறது, ஆனால் காரணமே அது இல்லை. சாப்பிடாமல் வைத்துப் பார்த்தாலும் 1 மணியிலிருந்து 4 மணிக்குள் அந்தத் தொய்வு வருகிறது. 20 நிமிடம் கண்ணை மூடுவது நல்ல மருந்து. ஒரு மணி நேரம் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கும், எழுந்தபின் தலை கனக்கும்.

கண்ணும் காதும் மூக்கும்கூடவா நேரத்துக்கு நேரம் மாறும்?

மாறும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வலி. பல்வலி வந்தவர்கள் எல்லோரும் சொல்வது, பகல் பூரா தாங்கினேன், ராத்திரிதான் உயிர் போச்சு என்று. இரவில் வேறு வேலை இல்லை, கவனமெல்லாம் பல்லிலேயே இருக்கிறது என்பது ஒரு காரணம்தான். அதற்கு மேலும் இருக்கிறது. 2022இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் சிலரை ஒரே மங்கலான வெளிச்சத்தில், தூங்கவிடாமல், ஒரே நிலையில் வைத்து, கையில் சூட்டை வைத்து எவ்வளவு வலிக்கிறது என்று மணிக்கணக்காகக் கேட்டார்கள். விடியற்காலை மூன்றரை வாக்கில் வலி உச்சம், மத்தியானம் மூன்றரை வாக்கில் மிகக் குறைவு. ஆகவே நள்ளிரவில் வலிக்கிறது என்று முனகுகிற பாட்டியிடம் "பகல்ல நல்லாத்தானே இருந்தே" என்று கேட்காதீர்கள். அவருக்கு அந்த நேரத்தில் நிஜமாகவே அதிகம் வலிக்கிறது. ஆஸ்துமாவும் அப்படித்தான், பின்னிரவில்தான் மூச்சுக்குழாய் அதிகம் சுருங்கும்.

வாசனை. பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் சோதித்ததில் மோப்பம் இரவு 9 மணியை ஒட்டிக் கூர்மையாகவும், பின்னிரவிலிருந்து காலை வரை மந்தமாகவும் இருந்தது, ஆளுக்கு ஆள் வித்தியாசமும் இருந்தது.

அப்புறம் கண். விழித்திரைக்கு என்று தனியாகவே ஒரு கடிகாரம் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் தங்கள் நுனியில் தேய்ந்த பகுதியைத் தினமும் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும், விலங்குகளில் பார்த்தால் அந்த உதிர்ப்பு விடிந்த உடனே நடக்கிறது.

ஆனால் கண்ணில் எல்லாமே கடிகாரத்தின் வேலை அல்ல, சிலது வெளிச்சத்தின் வேலை. காசிமேட்டில் விடியும் முன் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், நல்ல சிவப்பாக இருந்தால் புதுசு, பழுப்படித்திருந்தால் பழசு. விளக்கு எட்டாத ஓரத்தில், கூடைக்குப் பின்னால் குனிந்து, அரை வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல செவுளும் கறுத்துத்தான் தெரியும், ஏனென்றால் மங்கலில் கண் சிவப்பைத்தான் முதலில் கைவிடும், நீலமும் பச்சையும் ஒப்பிட்டால் பளிச்சென்று நிற்கும். 1819இல் புர்கின்யே என்பவர் விடியலில் தோட்டத்துச் சிவப்புப் பூக்கள் கறுத்துத் தெரிவதைப் பார்த்துத்தான் இதைக் கண்டுகொண்டார். போனில் டார்ச்சைப் போட்டுச் செவுளைப் பாருங்கள், அல்லது விரலால் சதையை அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, நேரம் போகிற உணர்வு. 1930களில் ஹட்சன் ஹோக்லண்ட் என்ற அமெரிக்கர் காய்ச்சலில் படுத்திருந்த மனைவியை, கடிகாரம் பார்க்காமல் வினாடிக்கு ஒன்றாக 60 வரை எண்ணச் சொன்னார். நிஜ நிமிடம் முடிய வெகு முன்பே எண்ணி முடித்துவிட்டார். உடம்பு சூடாக இருந்தால் உள்ளே நேரம் வேகமாக ஓடும், அதனால் வெளியே நேரம் நகராத மாதிரி இருக்கும். இதற்கு நேர் எதிராக, 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் குளிர்ந்த நிலத்தடிக் குகை ஒன்றில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது அவர் கணக்கில் ஆகஸ்ட் 20தான் ஆகியிருந்தது. இரண்டு நிமிடம் என்று நினைத்து 120 வரை எண்ணியதற்கு அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

விடியற்காலை 3 மணிக்கு வண்டி ஓட்டும்போது ரோடு தெரிகிறது, ஆனால் கொஞ்ச தூரம் எப்படி வந்தேன் என்றே நினைவில்லை. இது என்ன?

தூங்கிவிட்டீர்கள். கண் திறந்தபடியே சில வினாடி மூளை தூங்கும், தூங்கியது உங்களுக்கே தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் மூன்று வினாடி என்றால் 50 மீட்டர். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசைகட்டி நிற்கிற ரோட்டில் 50 மீட்டர் என்பது உயிர்.

17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கை, கண், மூளை ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் கெட்டுப்போகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் சட்டத்தில் வண்டி ஓட்டுவதற்கு வரம்பே 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03தான். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். முதலாளி லேட்டானதற்குத் திட்டட்டும்.

பெரிய விபத்துகளின் நேரத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட், 1979, விடியற்காலை 4 மணி. செர்னோபில், 1986, இரவு 1:23. போபால் விஷவாயு, 1984 டிசம்பர் 2 இரவு தாண்டி 3ஆம் தேதி பிறக்கும் நேரம். தூக்கம்தான் இவற்றுக்குக் காரணம் என்று சொல்லவில்லை, மூன்றிலும் இயந்திரக் கோளாறும் நிர்வாகத் தவறும் பெரிது. ஆனால் ஒன்று கெட்டுப்போனால் உடனே கவனித்துச் சரியாக முடிவெடுக்க வேண்டிய மூளை மிகவும் பலவீனமாக இருக்கிற நேரம் அது, மணலி, எண்ணூரில் ரசாயனத்தின் பக்கத்தில் குடியிருக்கிற நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

நான் இருபது வருஷமாக ராத்திரி வேலைதான். உடம்பு பழகியிருக்காதா?

மனசு பழகியிருக்கும். கடிகாரம் பெரும்பாலும் பழகாது, மிகச் சிலருக்குத்தான் முழுசாகத் திரும்பும். காரணம் எளிது. வேலை முடிந்து 6 மணிக்கு வெளியே வருகிறீர்கள், வெயில் முகத்தில் அடிக்கிறது, வீட்டு டியூப்லைட் தருவது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால் நல்ல வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், "இப்போதுதான் காலை" என்று கடிகாரத்தை அது திரும்பப் பகலுக்கே இழுத்துவிடும். அப்புறம் லீவு நாளில் வீட்டாரோடு சேர்ந்து இரவில் தூங்குகிறீர்கள். திரும்பின கொஞ்சமும் போச்சு.

காசிமேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருஷம் பூரா நள்ளிரவில் எழுந்து ஏலத்துக்கு ஓடினவர்கள் வீட்டில் இருப்பார்கள், கொஞ்ச நாளில் மற்றவர்களைப் போல இரவில் தூங்கி விடிந்து எழ ஆரம்பித்துவிடுவார்கள். வருமானம் இல்லாத கஷ்டமான மாதங்கள் அவை, கடன் ஏறுகிற மாதங்கள். ஆனால் அந்தச் சமயத்தில் தலை தெளிவாக இருக்கிறது, எரிச்சல் குறைகிறது என்று அந்த வீட்டுப் பெண்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜூன் நடுவில் திரும்பவும் ஆரம்பிக்கும்போது முதல் வாரம் ஐஸ் பெட்டிகளுக்கும் வலைக்கும் நடுவில் கவனமாக இருங்கள்.

நீண்ட கால இரவு வேலை சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்தைக் கூட்டுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது, 2019இல் மறுபடி பார்த்தும் அதையே உறுதி செய்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு 2 மணிக்குப் பிரியாணி வேண்டாம், அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு. வேலைக்குப் போகும் முன்பே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நடுவில் லேசாக ஏதாவது போதும்.

நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

நம் வீடுகளை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதைச் சொல்கிறேன், ஏசி ரூம் ஆலோசனை நமக்கு உதவாது.

வந்ததும் படுத்துவிடுங்கள். உட்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் பிடிக்கும், சிமெண்ட் ஷீட் கூரை வீட்டில் 11 மணிக்கு மேல் அனல் இறங்க ஆரம்பித்தால் அது நடக்காது. 7 மணியிலிருந்து 11 வரை கிடைக்கிற நாலு மணி நேரம் தங்கம். மீதியைச் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியோ பழைய கம்பளியோ போடுங்கள், ஒற்றை அறை வீடு என்றால் கண்ணுக்கு மட்டும் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபேன் சத்தம் நல்லது, தெருச் சத்தத்தை மூடும். பஸ்ஸில் வருகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு வரலாம், வண்டி ஓட்டி வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் போடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, இதைத்தான் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்கிறேன். பகலில் தூங்குகிறவரின் காலை 10 மணி உங்களுடைய நள்ளிரவு. நள்ளிரவில் உங்களை எழுப்பி சிலிண்டர் வாங்கி வா, ரேஷன் கடைக்குப் போ, மாமா வந்திருக்கிறார் ஒரு நிமிடம் முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்றால் எப்படி இருக்கும்? "பகல் பூரா தூங்குறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். இதில் பெண்கள் நிலை இன்னும் மோசம். நைட் டூட்டி முடித்து வருகிற நர்ஸ் வந்ததும் இட்லி ஊற்றி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பாத்திரம் கழுவி, துணி ஊறவைத்து, அப்புறம்தான் படுக்கிறார். அந்தச் சமையலை வீட்டில் வேறு யாராவது செய்தால் அவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். மாத்திரை எதுவும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாகாது.

டீ குடித்தால் தூக்கம் போய்விடுகிறதே?

போகவில்லை, மறைகிறது. அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்துகொள்கிறது. தண்டல்காரர் வரும்போது கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி, பாக்கி அப்படியேதான் இருக்கும், கதவைத் திறந்ததும் மொத்தமாக வந்து நிற்கும். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 10 மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் நள்ளிரவு தாண்டி 2 மணிக்குள் கடைசி டீயைக் குடித்துவிடுங்கள்.

பத்தாவது படிக்கிற பையன். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கிறேன், புத்தகத்தின் மேலேயே தூங்குகிறான். அடம்தானே?

அடம் இல்லை. பதின்ம வயதில் கடிகாரமே இரண்டு மணி நேரம் வரை பின்னால் தள்ளிப்போகிறது. உங்களுக்கு 10 மணிக்கு வருகிற தூக்கம் அவனுக்கு 11, 12க்குத்தான் வரும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. 12 மணிக்குப் படுத்தவனை 4 மணிக்கு எழுப்பினால் நீங்கள் எழுப்புவது மூளையின் அடிமட்ட நேரத்தில், அதுவும் பாதித் தூக்கத்தில். பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்திக்கொள்வது தூக்கத்தில்தான், அந்தத் தூக்கத்தை வெட்டிப் படிக்க வைப்பது போட்டதையே எடுத்துவிடுகிற வேலை.

விடிகாலையில் படித்தால் மண்டையில் ஏறும் என்று நம் பெரியவர்கள் சொன்னது 8, 9 மணிக்கே விளக்கணைத்துப் படுத்த காலத்தில். இன்றும் உங்கள் பிள்ளை 9 மணிக்குப் படுத்து, தானாக 5 மணிக்கு எழுந்தால் தாராளமாகப் படிக்கட்டும். அப்படி இல்லாத பிள்ளைக்குச் சாயங்காலம் 5 முதல் 9 வரை நல்ல நேரம். அந்த நேரத்தில் வீட்டில் சீரியல் ஓடுகிறது என்பதுதான் பல வீடுகளில் உண்மையான பிரச்சினை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இலேயே இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி காலை 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 7 மணி ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிற பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும்.

போன் வெளிச்சம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

ஓரளவுக்குத்தான். நீல வெளிச்சம் மெலடோனினைத் தள்ளிப்போடும், உண்மை. ஆனால் தலைக்கு மேலே எரிகிற வெள்ளை எல்இடி பல்பும் அதே வேலையைச் செய்கிறது, அதை யாரும் திட்டுவதில்லை. படுக்க ஒரு மணி நேரம் முன் பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன மஞ்சள் பல்பைப் போடுங்கள். போனில் வெளிச்சத்தைவிட மோசம் அதில் வருகிற சண்டையும் ரீல்ஸும். அதே சமயம் காலையில் கால் மணி நேரமாவது வெளியே நில்லுங்கள். சென்னையில் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், வருஷம் முழுக்கக் காலை வெயில் இலவசமாகக் கிடைக்கிற ஊர் இது.

தாத்தா 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். சாயங்காலம் ஆனால் யாரென்று தெரியாமல் குழம்புகிறார்.

இரண்டும் வேறு வேறு. வயதானால் கடிகாரம் முன்னால் நகரும், கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல வெளிச்சம் உள்ளே போவதும் குறையும், அதனால் சீக்கிரம் தூங்கி சீக்கிரம் விழிப்பது இயல்பு. சாயங்காலம் 5, 6 மணிக்குத் தெருவில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள், அந்த வெளிச்சம் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளும். சாயங்காலக் குழப்பம் மறதி நோய் உள்ளவர்களிடம் அடிக்கடி வருவது. இருட்டும் முன்பே வீட்டு விளக்குகளைப் போட்டுவிடுங்கள், நிழல்கள் அவர்களை மிரட்டும். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், தொற்றோ வேறு ஏதோ இருக்கலாம்.

ரம்ஜான் மாதத்தில் சஹருக்கு (நோன்புக்கு முன் சாப்பிட) எழுந்து, இரவுத் தொழுகை முடித்து வந்து, பகலில் வேலைக்கும் போகிறோம். எப்படிச் சமாளிப்பது?

தூக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொழுகை முடிந்ததும் ஒரு பகுதி, ஃபஜ்ருக்கு (விடிகாலைத் தொழுகைக்கு) பிறகோ மத்தியானமோ ஒரு பகுதி. மண்ணடி, ராயபுரம் பக்கம் நள்ளிரவு வரை கடைத்தெரு ஜேஜே என்று இருக்கும், அதில் சில இரவுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். இஃப்தாருக்கு முந்தைய ஒரு மணி நேரம் வண்டியில் அவசரம் வேண்டாம். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், மாதம் பிறக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

மெலடோனின் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

அது அடித்துப்போடுகிற தூக்க மாத்திரை இல்லை, கடிகாரத்தை நகர்த்துகிற மருந்து. தப்பான நேரத்தில் போட்டால் தப்பான பக்கம் நகரும். டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

எங்கள் கம்பெனியில் வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறது. எந்த வரிசையில் மாற்றச் சொல்லிக் கேட்கலாம்?

காலை, பிறகு மத்தியானம், பிறகு இரவு என்று முன்னோக்கிப் போகிற வரிசையைக் கேளுங்கள். நம் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம் என்று மேலே பார்த்தோம், அதனால் தாமதமாகப் படுத்துத் தாமதமாக எழுவதுதான் அதற்கு எளிது. இரவு, மத்தியானம், காலை என்று பின்னோக்கிச் சுற்றினால் தினமும் உடம்பைச் சீக்கிரம் படுக்கச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது ஆரம்பிக்க 11 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றும் கேளுங்கள். இரவு ஷிப்டில் நடுவே 20 நிமிடம் படுக்க ஒரு அறை கேளுங்கள். யூனியன் இருந்தால் இந்த மூன்றையும் எழுதிக்கொடுங்கள், இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் போங்கள். வரிசையை மாற்றக் கம்பெனிக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, அதனால் முதலில் அதையே கேளுங்கள்.